விற்பனைப் பயிற்சி: யாருக்கு எது பொருந்தும்?

‘விற்பனையைப் பெருக்குவது எப்படி? ஒரு நாள் பயிற்சி முகாம். மதிய உணவும் சான்றிதழும் உண்டு.’ இந்த மாதிரியான அழைப்புகள் நம் கடைகளுக்கு அடிக்கடி வருகின்றன. முன்பு துண்டறிக்கையாக வந்தது. இப்போது வாட்ஸ்அப்பிலும் வருகிறது. ஆளுக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டணம். இரண்டு ஆட்களை அனுப்பினால் அன்றைக்குக் கடையில் ஆள் இல்லை. பணமும் போய், வேலையும் நின்று, மறுநாள் கடைக்கு வந்த ஆள் பழையபடியே பொட்டலம் மடித்தால் முதலாளிக்கு எரிச்சல்தான் மிச்சம்.

பயிற்சி வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு பக்கம் குளிர்சாதன வசதியோடு பல்பொருள் அங்காடி. மறுபக்கம் சில நிமிடங்களில் வீட்டு வாசலுக்கே கொண்டு வந்து தரும் செயலிகள். இவற்றுக்கு நடுவே மளிகைக் கடைக்காரருக்கு மிஞ்சியிருக்கும் பெரிய பலம், கல்லாவுக்கு முன்னால் நின்று பேசும் மனிதர். அவரைத் தயார் செய்ய வேண்டியது கட்டாயம். ஆனால் எல்லோருக்கும் ஒரே கஷாயம் என்றால் யாருக்கும் நோய் தீராது. நாடி பார்த்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும். எப்படிப் பார்ப்பது, யாருக்கு எதைக் கொடுப்பது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

கடையே பள்ளிக்கூடமாக இருந்த காலம்

நம் முன்னோர்கள் விற்பனைப் பயிற்சி என்ற பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பயிற்சி இருந்தது. நகரத்தார் பெருமக்கள் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் லேவாதேவிக் கடை நடத்திய நாட்களில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த பிள்ளை எடுபிடி வேலை செய்து, கணக்கு எழுதக் கற்று, அடுத்தாளாகி, காலப்போக்கில் கடையையே நடத்தும் ஏஜெண்டாக உயர்ந்தான். ஒரு தவணை என்பது பொதுவாக மூன்று ஆண்டுகள். தென்மாவட்டங்களிலிருந்து சென்னைக்கும் மற்ற ஊர்களுக்கும் வந்து மளிகைக் கடைகளில் வேலைக்கு நின்றவர்களும் அப்படித்தான் படிப்படியாகக் கற்றார்கள். முதலில் கடை பெருக்குவது, பிறகு மூட்டை பிரிப்பது, பிறகு பொட்டலம், பிறகு தராசு, கடைசியில்தான் கல்லா.

அந்த முறையில் ஒரு பெரிய நன்மை இருந்தது. ஒவ்வொருவரும் தன் கைக்கு வந்த வேலையைத் தன் வேகத்தில் கற்றார்கள். ஒன்று தேறிய பிறகுதான் அடுத்தது. ஆனால் அந்த முறையை இன்று அப்படியே நடத்த முடியாது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்கச் சட்டம் இடம் தராது, தரவும் கூடாது. வேலைக்கு வருபவர்கள் மூன்று ஆண்டு காத்திருப்பதில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தம்பிமார்கள் பல கடைகளில் நிற்கிறார்கள். கடையில் உள்ள பொருள்களின் எண்ணிக்கையும் பல மடங்காகிவிட்டது. ஆகவே மூன்று ஆண்டில் கற்றதை மூன்று மாதத்தில் கற்பிக்க வேண்டிய நிலையில் இருக்கிறோம். இங்கேதான் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது முக்கியமாகிறது.

யாருக்காக உண்டான பயிற்சி?

மண்டபத்தில் நடத்தப்படும் பயிற்சிகளில் சொல்லித் தரப்படும் பல உத்திகள் எங்கிருந்து வந்தவை என்று தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் டேட்டன் நகரத்து நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் என்ற கம்பெனி 1887இல் தன் விற்பனையாளர்கள் பேச வேண்டிய பேச்சை அச்சிட்டுக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னது. அதன் முதலாளி ஜான் பேட்டர்சன் 1890களில் விற்பனையாளர்களுக்கென்று பள்ளிக்கூடமே நடத்தினார். அவர்கள் விற்றது கல்லா இயந்திரம். வாங்கியவர்கள் நம்மைப் போன்ற கடைக்காரர்கள்!

அந்த விற்பனையாளர் ஒரு கடைக்காரரை எத்தனை முறை சந்திப்பார்? இயந்திரத்தை ஒரு தடவை விற்றுவிட்டால் பல ஆண்டுகளுக்கு மறுபடி விற்க வேண்டியதில்லை. எனவே அந்த ஒரு சந்திப்பிலேயே பேசி முடிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ், வாகனம், வீட்டுமனை விற்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். ‘வாடிக்கையாளர் வேண்டாம் என்றால் விடாதே, மூன்று முறை திருப்பிக் கேள்’ என்ற பாடம் அவர்களுக்குப் பயன்படலாம்.

மளிகைக் கடைக்கு அது பொருந்துமா? நம்மிடம் வருபவர் மாதத்தில் பல முறை வருபவர். இன்றைக்கு வற்புறுத்தி ஒரு பாக்கெட்டைக் கட்டிவிட்டால், வீட்டுக்குப் போய் அது வீணான பிறகு அடுத்த வாரம் எதிர்க் கடையில் நிற்பார். ஆகவே எந்தப் பயிற்சியானாலும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது ஒரு தடவை விற்பவருக்கான பாடமா, தினமும் விற்பவருக்கான பாடமா?

கடையின் அமைப்பையும் பார்க்க வேண்டும். 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்தார். வாடிக்கையாளரே கூடை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பொருளை எடுத்து வரும் முறை அங்கே வந்தது. அதுவரை அங்கும் நம் கடைகளைப் போல ஆள்தான் எடுத்துக் கொடுத்தார். சுயசேவை வந்ததும் கடை ஆளின் வேலை மாறிவிட்டது. பேச்சு குறைந்து, அடுக்கி வைப்பது, விலைச்சீட்டு ஒட்டுவது, காலாவதித் தேதி பார்ப்பது என்று ஆயிற்று. நம்மில் சிலர் கடையின் பாதியைச் சுயசேவையாக மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பாதியில் நிற்பவருக்கு ஒரு பயிற்சி. தராசில் நிற்பவருக்கு வேறு பயிற்சி.

முதலில் ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள்

பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கல்லாவில் வையுங்கள். ஒரு வாரம் நான்கு விஷயங்களை மட்டும் அன்றன்றைக்குக் குறித்து வாருங்கள்.

1. கேட்ட பொருள் கிடைக்காமல் திரும்பிப் போனவர் எத்தனை பேர்? எந்தப் பொருள்? அப்போது நம் ஆள் என்ன பதில் சொன்னார்?

2. வாங்கிப் போனதைத் திருப்பிக் கொண்டு வந்தவர் எத்தனை பேர்? காரணம் என்ன?

3. எடையிலோ, பில்லிலோ, சில்லறையிலோ வந்த தவறுகள் எத்தனை? யார் கையில்?

4. வாடிக்கையாக வந்து கொண்டிருந்து, இந்த மாதம் வராமல் இருப்பவர்கள் யார் யார்?

நான்காவது கேள்விதான் பலரும் கேட்காதது. பற்று வைத்திருக்கும் வீடுகளின் நோட்டைப் புரட்டினாலே இது தெரிந்துவிடும்.

வாரம் முடிந்ததும் ஒவ்வொரு தவறுக்கும் காரணம் தேடுங்கள். காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும். ஆளுக்கு விஷயம் தெரியவில்லை. அல்லது தெரியும், ஆனால் கை பழகவில்லை. அல்லது தெரியும், பழக்கமும் உண்டு, ஆனால் பேசக் கூச்சம் அல்லது மனச்சலிப்பு. நான்காவது, குறை ஆளிடம் இல்லை, கடையில் இருக்கிறது.

இந்த நான்காவது வகையைப் பயிற்சியால் தீர்க்க முடியாது. தராசின் எண்கள் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தால் எடைச் சண்டை வரத்தான் செய்யும். விலைப்பட்டியல் முதலாளியின் மனத்தில் மட்டும் இருந்தால் ஆள் ஒவ்வொரு தடவையும் ‘அண்ணாச்சி, இது எவ்வளவு?’ என்று கேட்டுக்கொண்டுதான் இருப்பார். காலை ஏழு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை நின்றுகொண்டே இருப்பவர் ஒன்பதரை மணிக்கு வரும் வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அந்த நாற்காலி நம் கடையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு ‘இன்முகப் பயிற்சி’க்கு ஆள் அனுப்புவோம்.

ஆளுக்கு ஆள் வேறு

நான்கைந்து பேர் வேலை செய்யும் ஒரு நடுத்தரக் கடையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரின் தேவையும் வேறு.

புதிதாகச் சேர்ந்த பெண் பிள்ளை: பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர். மரியாதையாகப் பேசுகிறார், கணக்கும் வருகிறது. ஆனால் பச்சரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் மேல் அரிசியைப் பற்றித் தெரியாது. ‘இது புது அரிசியா, பழசா?’ என்று ஒரு அம்மா கேட்டால் விழிக்கிறார். இவருக்குப் பேச்சுப் பயிற்சி தேவையே இல்லை. சரக்கு அறிவுதான் வேண்டும். புது அரிசி என்றால் தண்ணீர் குறைத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் குழையும் என்ற ஒரு வரியைச் சொல்லி விற்றால் அரிசி மூட்டை திரும்பி வராது. தாளிக்கக் குண்டு மிளகாய், பொடிக்கு நீட்டு மிளகாய். விரலி மஞ்சளும் கிழங்கு மஞ்சளும். உருட்டு உளுந்து, உடைத்த உளுந்து, தோல் உளுந்து. மண்டை வெல்லம், அச்சு வெல்லம், நாட்டுச் சர்க்கரை. இவற்றுக்கு எந்த மண்டபத்திலும் போக வேண்டாம். கொள்முதலுக்குப் போகும்போது மாதம் ஒரு முறை அவரையும் மண்டிக்கு அழைத்துப் போங்கள். மொத்த வியாபாரி கையில் அள்ளிக் காட்டிச் சொல்வதைவிட நல்ல பாடம் கிடைக்காது. செலவு பஸ் கட்டணமும் காப்பியும்தான்.

பத்து ஆண்டு பழைய கை: சரக்கு முழுவதும் அத்துப்படி. கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவார். ஆனால் இல்லாத பொருளைக் கேட்டால் தலையைத் தூக்காமல் ‘இல்லை’ என்பார். இவரைச் சரக்குப் பயிற்சிக்கு அனுப்பினால் அவமானமாக நினைப்பார். மண்டபப் பயிற்சிக்கு அனுப்பினால் பின்வரிசையில் உட்கார்ந்து தூங்குவார். இவருக்கு மாற்ற வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். ‘இல்லை’ என்பதற்குப் பதில், ‘நாளைக்குக் காலையில வந்துடும் அக்கா, எடுத்து வைக்கட்டுமா?’ அதைத் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் முன்னால் சொல்லக் கூடாது. அதோடு, புதியவர்களுக்குச் சரக்கு சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்துப் பாருங்கள். சொல்லித் தருபவர் தாமும் ஒழுங்காக நடக்கப் பார்ப்பார்.

கூச்சமுள்ள தம்பி: கேட்டதை எடுத்துக் கொடுப்பார், ஒரு வார்த்தை கூடப் பேச மாட்டார். மேடையில் ஏறிப் பேச வைக்கும் பயிற்சிகள் இப்படிப்பட்டவரை மேலும் ஒடுக்கிவிடும். இவருக்கு இரண்டே கேள்விகளைப் பழக்கினால் போதும். ஒன்று, ‘எத்தனை பேருக்குண்ணே?’ மற்றது, ‘வேற ஏதாச்சும் தீர்ந்திருக்கா?’ முதல் கேள்வியில் அளவு சரியாக அமையும். இரண்டாவதில் மறந்துபோன பொருள் ஞாபகத்துக்கு வரும். யாரையும் வற்புறுத்தவும் இல்லை.

வெளிமாநிலத் தம்பி: உழைப்புக்குக் குறைவில்லை. மொழிதான் தடை. விற்பனை உத்தி சொல்லித் தருவதற்கு முன், பொருள்களின் பெயர், எடை, எண், மரியாதைச் சொற்கள் என்று நூறு தமிழ்ச் சொற்கள் தேவை. தினம் ஐந்து சொல் என்றால் இருபது நாள். அக்கம்பக்கத்தில் பள்ளி முடித்த பிள்ளை யாராவது மாலையில் அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தால் போதும். அதற்கு ஒரு சிறு தொகை கொடுப்பது மண்டபக் கட்டணத்தைவிட எவ்வளவோ மேல்.

பில் போடுபவர்: இவருக்கு வேண்டியது கணினிப் பழக்கமும் வரி விவரமும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்பு போன்றவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. நெய்யும் வெண்ணெயும் 12லிருந்து 5க்கு வந்தன. பழைய விலை அச்சிட்ட சரக்கும் புதிய விலையும் ஒரே அலமாரியில் கலந்திருந்த அந்த நாட்களில், பில் போடுபவர் பொறுமையாக விளக்கிய கடைகளில் தகராறு வரவில்லை. இவருக்கான பயிற்சியை மென்பொருள் விற்ற நிறுவனத்திடமே கேட்டு வாங்க வேண்டும். வாங்கும்போதே ‘ஆள் மாறினால் மறுபடி சொல்லித் தருவீர்களா?’ என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. யு.பி.ஐ.யில் பணம் வந்துவிட்டதா என்பதை வாடிக்கையாளரின் திரையைப் பார்த்து முடிவு செய்யாமல் நம் கணக்கில் வரவு பார்த்து உறுதி செய்யும் பழக்கமும் இவருக்கான பாடமே.

மொத்த வியாபாரியின் லைன் ஆள்: இவருடைய வேலையே வேறு. இவர் கடை கடையாக ஆர்டர் எடுப்பவர், பாக்கி வசூலிப்பவர். ஆர்டர் எடுக்கத் தெரிந்தவருக்கு வசூல் செய்யத் தெரியாமல் இருக்கலாம். வசூலில் கெட்டிக்காரர் கடைக்காரரைப் பகைத்துக்கொண்டு வருபவராகவும் இருக்கலாம். முதலாளியோ அனுபவமுள்ள விற்பனையாளரோ இரண்டு நாள் கூடவே போய்ப் பார்த்தால்தான் எது குறை என்று தெரியும். போகும்போது பேச வேண்டாம், பார்த்துக்கொண்டே வாருங்கள். வண்டியில் திரும்பும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள்.

முதலாளிக்கும் பயிற்சி வேண்டும்

பயிற்சி என்றதும் ஆட்களை அனுப்பிவிட்டு நாம் கல்லாவிலேயே உட்கார்ந்து விடுகிறோம். நம்மில் பலருக்கும் தேவைப்படுவது ஆதாயக் கணக்கு. 80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்றால் கொள்முதலில் 25 சதவீதம் ஆதாயம், விற்பனையில் 20 சதவீதம். இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘25 கிடைக்கிறதே, 10 சதவீதம் தள்ளுபடி கொடுப்போம்’ என்று இறங்குபவர்கள் உண்டு. 100 ரூபாய்ப் பொருளை 90க்குக் கொடுத்தால் 20 ரூபாய் ஆதாயம் 10 ஆகிவிடும். பழைய ஆதாயத்தை எடுக்க இரண்டு மடங்கு விற்க வேண்டும். இரண்டு மடங்கு விற்குமா என்று யோசித்த பிறகு தள்ளுபடி பலகை மாட்ட வேண்டும். இதைக் கற்காத முதலாளியின் கடையில் ஆட்கள் எவ்வளவு திறமையாக விற்றாலும் நஷ்டம்தான்.

எங்கே கிடைக்கும்?

பயிற்சி கிடைக்கும் இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

கம்பெனிப் பிரதிநிதிகள் இலவசமாகச் சொல்லித் தருவார்கள். அலமாரி அடுக்கும் விதம், புதுச் சரக்கின் தன்மை ஆகியவற்றுக்கு நல்லது. ஆனால் அவர்கள் தங்கள் சரக்கை முன்னால் வைக்கத்தான் சொல்லித் தருவார்கள். அதை மனத்தில் வைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் தொடங்கிய ‘பாஸ்டாக்’ பயிற்சி, உணவுப் பொருள் கையாள்வோருக்கானது. உரிமம் பெற்ற நிறுவனங்களில் 25 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. இது விற்பனைப் பயிற்சி இல்லை என்றாலும், பூச்சி விழாமல், ஈரம் படாமல், பழைய சரக்கு முதலில் போகும்படி வைப்பது விற்பனைக்கு உதவும் விஷயம்தான்.

மத்திய அரசின் முயற்சியில் 2008இல் அமைந்த தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகத்தின் வழியாகவும், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் வழியாகவும் சில்லறை விற்பனைக்கான பாடத்திட்டங்கள் உண்டு. இவை பெரும்பாலும் வேலை தேடும் இளைஞர்களை நினைத்து அமைக்கப்பட்டவை. புதிதாக ஆள் எடுக்கும்போது, இப்படிப் படித்து வந்தவர்களை விசாரித்து எடுக்கலாம். கிண்டியில் உள்ள தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் பயிற்சிகள் முதலாளிகளுக்கும், கடையை ஏற்று நடத்தப் போகும் பிள்ளைகளுக்கும் ஏற்றவை.

தனியார் பயிற்சியாளர்களிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பணம் கட்டுவதற்கு முன் இந்த ஆறு கேள்விகளைக் கேளுங்கள்.

1. மளிகை, மொத்த வியாபாரம் போன்ற தொழிலில் முன்பு பயிற்சி கொடுத்திருக்கிறீர்களா? எந்தக் கடை என்று சொல்ல முடியுமா?

2. பயிற்சிக்கு முன் எங்கள் கடைக்கு ஒரு முறை வந்து பார்ப்பீர்களா?

3. ஒரு வகுப்பில் எத்தனை பேர்? இருநூறு பேர் என்றால் அது சொற்பொழிவு.

4. மொத்த நேரத்தில் செய்து பழகும் நேரம் எவ்வளவு?

5. எங்கள் ஆட்களுக்குப் புரியும் பேச்சுத் தமிழில் நடத்துவீர்களா?

6. ஒரு மாதம் கழித்து மறுபடி வந்து பார்ப்பீர்களா?

இரண்டாவது கேள்விக்கும் ஆறாவது கேள்விக்கும் ‘ஆமாம்’ என்று சொல்பவரை நம்பலாம். ‘ஒரே மாதத்தில் விற்பனை இரட்டிப்பு’ என்று சொல்பவரிடம், ‘அப்படியானால் இரட்டிப்பான பிறகு கட்டணம் தருகிறோம்’ என்று சொல்லிப் பாருங்கள்.

கடையிலேயே கற்பிக்க நான்கு படி

இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பழகிய ஆட்கள் படைக்குப் போய்விட, புதியவர்களுக்கு விரைவாக வேலை கற்பிக்க வேண்டியிருந்தது. 1940 முதல் 1945 வரை அங்கே அரசாங்கம் நடத்திய ஒரு திட்டத்தில் மேற்பார்வையாளர்களுக்கு நான்கு படிகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். நம் கடைக்கும் அது அப்படியே பொருந்தும். மின் தராசில் மிளகு நிறுக்கக் கற்பிப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் படி, ஆளைத் தயார் செய்வது. பயத்தைப் போக்கி, இதில் ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது. இரண்டாம் படி, செய்து காட்டுவது. தராசு பூச்சியத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறோம்; கிண்ணத்தை வைத்து அதன் எடையைக் கழிக்கிறோம்; மிளகைப் போடுகிறோம்; எண்ணை வாடிக்கையாளருக்குப் படித்துச் சொல்கிறோம். ஏன் கிண்ணத்தின் எடையைக் கழிக்க வேண்டும் என்ற காரணத்தையும் சொல்கிறோம். மிளகு விலைக்குக் கிண்ணத்தை விற்கக் கூடாது அல்லவா? மூன்றாம் படி, அவரையே செய்யச் சொல்லி, செய்யும்போதே காரணத்தை வாயால் சொல்ல வைப்பது. நான்காம் படி, தனியே விட்டுவிட்டு, முதலில் அடிக்கடியும் பிறகு எப்போதாவதும் போய்ப் பார்ப்பது.

நாம் பெரும்பாலும் இரண்டாம் படியோடு நின்றுவிடுகிறோம். ‘சொன்னேனே, காட்டினேனே’ என்று கோபப்படுகிறோம். ஆள் கற்கவில்லை என்றால் கற்பித்த விதத்தில் குறை தேட வேண்டும் என்பதுதான் அந்தத் திட்டத்தின் அடிப்படை.

பலன் கிடைத்ததா?

பயிற்சியின் பலனை நான்கு நிலைகளில் பார்க்கலாம் என்று டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959இல் எழுதினார். ஆளுக்குப் பிடித்ததா, கற்றாரா, கடையில் செய்கிறாரா, அதனால் கடைக்குப் பலன் வந்ததா என்பவை அவை. ‘சார் நல்லாப் பேசினாரு, சாப்பாடும் நல்லா இருந்துச்சு’ என்பது முதல் நிலை மட்டுமே.

பலனை அந்த மாதத்து மொத்த விற்பனையை வைத்து அளக்கக் கூடாது. பொங்கலும் தீபாவளியும் பயிற்சி இல்லாமலே விற்பனையைக் கூட்டும். போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். பில் எண்ணிக்கை, ஒரு பில்லில் எத்தனை பொருள், திரும்பி வந்த சரக்கு ஆகியவற்றைப் பாருங்கள்.

உதாரணக் கணக்கு ஒன்று போடுவோம். நாளுக்கு 150 பில் போடும் கடை. பயிற்சியால் ஐந்தில் ஒருவர் 20 ரூபாய்க்குக் கூடுதலாக வாங்குகிறார் என்றால் 30 பேர், 600 ரூபாய். 26 நாளுக்கு 15,600 ரூபாய். ஆதாயம் 12 சதவீதம் என்றால் மாதம் 1,872 ரூபாய். இரண்டு ஆட்களுக்குத் தலைக்கு 3,000 வீதம் 6,000 ரூபாய் கட்டியிருந்தால் அதை மீட்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அதுவும் அந்த ஆட்கள் மூன்று மாதமும் சொன்னபடி செய்தால்தான்.

இன்னொரு பக்கம் பாருங்கள். மாதம் 3,000 ரூபாய்க்கு வாங்கும் ஒரு குடும்பம், கடை ஆளின் ஒரு சுடுசொல்லால் நின்றுவிட்டால் வருடத்தில் 36,000 ரூபாய் விற்பனை போகிறது. ஆதாயத்தில் 4,320 ரூபாய் இழப்பு. வருடத்தில் இரண்டு குடும்பங்களை நிற்கவிடாமல் காத்தாலே 8,640 ரூபாய். அந்தக் குடும்பம் அக்கம்பக்கத்தில் சொல்வதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. எனவே மளிகைக் கடைக்குப் பயிற்சி தேர்ந்தெடுக்கும்போது, கூடுதலாகத் தலையில் கட்டும் உத்தியைவிட, வந்தவரைத் திரும்ப வரவைக்கும் பழக்கத்துக்கு முதலிடம் தருவதே ஆதாயம்.

ஆள் போய்விட்டால்?

‘பணம் செலவழித்துப் பழக்கிவிட்டால் ஐந்நூறு ரூபாய் அதிகம் கொடுக்கும் கடைக்குப் போய்விடுகிறார்களே’ என்பது நியாயமான வருத்தம். ஆனால் பழக்காமல் வைத்திருந்து, அவர் போகாமலே இருந்துவிட்டால் அது பெரிய நஷ்டம். பழகியவருக்குச் சம்பளத்தில் ஒரு படி உயர்வு, ஒரு பிரிவின் பொறுப்பு, மற்றவர்களுக்குச் சொல்லித் தரும் மதிப்பு ஆகியவற்றைக் கொடுத்தால் தங்குபவர்கள் உண்டு. பயிற்சியை வார விடுமுறை நாளில் வைப்பதைத் தவிர்ப்போம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது 1947ஆம் ஆண்டுச் சட்டமே ஆட்களுக்குத் தந்த உரிமை. அந்த நாளைப் பறித்துக்கொண்டு கற்பித்தால் பாடமும் ஏறாது, பற்றும் வராது. பகல் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் குறையும் நேரத்தில் அரை மணி போதும்.

சங்கங்கள் செய்யக்கூடியது

ஒரு கடைக்காரர் தனியே நல்ல பயிற்சியாளரை அழைக்க முடியாது. பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்தால் முடியும். ஆனால் பத்துக் கடையின் எல்லா ஆட்களையும் ஒரே மண்டபத்தில் கூட்ட வேண்டாம். பத்துக் கடையிலும் பில் போடுபவர்கள் ஒரு நாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரு நாள். லைன் ஆட்கள் ஒரு நாள். முதலாளிகள் ஒரு நாள். இப்படி வேலைவாரியாகப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் தனக்கானது கிடைக்கும், செலவும் பங்காகிவிடும். சரக்கு அறிவு வகுப்பை மொத்த வியாபாரிகளே மாறி மாறி நடத்தலாம். அவர்களுக்கும் அதில் லாபம் உண்டு. தெரிந்து விற்கும் கடையில்தான் சரக்கு வேகமாகத் தீரும்.

உறுப்பினர்கள் அடுத்த பயிற்சி அழைப்பு வருவதற்குள் அந்த நாற்பது பக்க நோட்டைத் தொடங்கிவிட வேண்டும் என்பது நம் வேண்டுகோள். ஒரு வாரம் எழுதுங்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு வாருங்கள். எந்தக் குறை எத்தனை கடையில் இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற வகுப்பைச் சேர்ந்து ஏற்பாடு செய்வோம்.